பங்குக் கிணறும் பங்குக் கம்பியும்

யாழ்ப்பாணக் குடாநாட்டிலே ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு ஒன்றேனும் இல்லை. மாரிகாலத்தில் மாத்திரம் உயிர்பெற்று, கந்தரோடையையும் சண்டிலிப்பாயையும் கடந்து அராலிக் கடனீரேரியிற் கலக்கும் வழுக்கையாறு, கோடை பிறந்ததும் வெறும் தரவையாகிவிடும். ஆதலால் இம்மண்ணின் மாந்தர் நீரை நிலத்தின்மேல் தேடாது நிலத்தின்கீழ்த் தேடினர். சுண்ணாம்புக் கல்லை உடைத்துக் கிணறு வெட்டினர். கல்லுடைத்துக் கிணறு வெட்டுதல் ஒரு குடும்பத்தின் கைப்பொருளுக்குள் அடங்கும் காரியமன்று. ஆகவே பலர் கூடி வெட்டினர். கூடி வெட்டியதைப் பங்கிட்டு இறைத்தனர். பங்குக் கிணறு இவ்வாறு தோன்றியதே.

காணி உறுதியிலே நிலத்தின் பரப்பும் எல்லையும் எழுதப்படுவதுபோல, கிணற்றிலுள்ள பங்கும், அக்கிணற்றுக்குச் செல்லும் வழியும், நீர் ஓடும் வாய்க்காலும் எழுதப்படும். 1707 ஆம் ஆண்டில் ஒல்லாந்தர் ஆட்சியின்போது தொகுக்கப்பெற்ற தேசவழமை, பங்காளர் ஒருவர் தம் பங்கை விற்க முற்படும்போது ஏனைய பங்காளருக்கே முதல் உரிமை என விதித்தது. பொதுவிலுள்ள பொருளில் அந்நியன் ஒருவன் திடீரெனப் புகுந்தால் முறை குலையும் என்பதை அன்றைய சமூகம் நன்கு உணர்ந்திருந்தது போலும். துலா இருந்த காலத்தில், ஒருவர் துலா மிதிக்க, மற்றொருவர் பட்டை பிடிக்க, இன்னொருவர் பாத்திகளுக்குத் தண்ணீர் மாறுவார். இன்றைய விடியல் ஒருவருக்கு. நாளைய விடியல் மற்றவருக்கு. இதற்கு ஊரவர் இட்ட பெயர் 'முறை' என்பதாகும்.

சண்டிலிப்பாயின் உள்ளொழுங்கை ஒன்றிலே, இரு வளவுகளுக்கு நடுவே அத்தகைய கிணறு ஒன்று இன்றும் உண்டு. வேலி கிணற்றுக் கட்டுவரை வந்து நின்று, மறுபுறத்திலிருந்து மீண்டும் தொடரும். வேலியின் ஒரு பக்கத்தில் தமையனின் வீடு. மறுபக்கத்தில் தம்பியின் வீடு. தமையனார் பாடசாலை ஆசிரியர். அவருக்கு ஒரு மகளும் ஒரு மகனும். மகள் பல்கலைக்கழகத்தின் கலைப்பீடத்திற் பயில்பவள். மகன் சாதாரண தரப் பரீட்சைக்கு ஆயத்தஞ் செய்பவன். தம்பியார் தோட்டஞ் செய்பவர். அவருடைய மூத்த பெண் உயர்தர வகுப்பில் இருந்தாள். இளையவன் ஏழாந் தரத்தில் இருந்தான். இரு வீட்டுக்கும் பொதுவாக ஓர் அப்பாச்சி. பொதுவாக ஒரு கிணறு. வேலியிலே, பிள்ளைகள் ஓடித் திரிந்து தேய்த்த ஒரு பொட்டு. 2012 ஆம் ஆண்டிலே இவற்றோடு மற்றுமொரு பொதுப்பொருள் சேர்ந்தது. அது தமையன் வீட்டுத் தொலைபேசிக் கம்பியின் வழியாக வந்த இணையம்.

அக்கம்பி வந்த நாளை அவ்வீட்டார் பெரிதாகக் கருதியதற்குக் காரணம் உண்டு. 1990 யூனில் மீண்டும் மூண்ட போரோடு குடாநாட்டின் மின்சாரமும் தொலைபேசியும் அற்றுப்போயின. சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலிச் செய்தி கேட்ட காலம் அது. 1995 இல் கொழும்பிலே இணையச் சேவை பொதுமக்களுக்கு விற்பனைக்கு வந்தது. அதே ஆண்டு ஒக்ரோபர் 30 ஆம் நாள் வலிகாமத்து மக்கள் கையிற் கிடைத்ததைத் தூக்கிக்கொண்டு தென்மராட்சி நோக்கி நடந்தனர். சண்டிலிப்பாயும் வெறிச்சோடியது. உலகம் ஒன்றோடொன்று இணையத் தொடங்கிய ஆண்டிலே ஓர் ஊர் தன் வீடுகளோடு இருந்த இணைப்பையே இழந்து நின்றது.

அந்த இடப்பெயர்வுக் காலத்தில் தென்மராட்சியின் ஒரு வீட்டிலே பல குடும்பங்கள் ஒதுங்கியிருந்தன. வெளிநாட்டிலிருந்தும் கொழும்பிலிருந்தும் வந்து சேரும் கடிதங்கள் யாவற்றுக்கும் ஒரே முகவரி, அவ்வீட்டுக்காரரின் முகவரி. இன்னார், மேற்பார்த்து இன்னார் என உறையில் எழுதப்பட்டிருக்கும். வீட்டுக்காரர் கடிதங்களைப் பிரித்து, விறாந்தையில் இருப்போருக்கும் மாட்டுக் கொட்டிலருகே கிடுகு சாத்தி இருப்போருக்கும் உரியவாறு சேர்ப்பிப்பார். யார் யாருக்குக் கடிதம் எழுதி மறுமொழிக்குக் காத்திருக்கிறார் என்பது அவருக்கு மனப்பாடம். அப்பாச்சி அந்நாட்களை இப்போதும் அடிக்கடி சொல்வார்.

ஓர் இணைப்பைப் பல கணினிகள் எவ்வாறு பங்கிடுகின்றன என்பதை அறிய விரும்புவோருக்கு அவ்வீட்டுக்காரரின் தொழிலை விளக்கினாலே போதுமானது. இணையத்தில் ஒவ்வொரு கணினிக்கும் ஓர் எண்முகவரி வேண்டும். 1981 இல் வரையறுக்கப்பட்ட முறையின்படி அம்முகவரி 32 பிற்றுக்களால் ஆனது. ஆகவே மொத்தம் ஏறத்தாழ 429 கோடி முகவரிகளே உள. ஆராய்ச்சிக்கூடங்கள் சிலவற்றை இணைப்பதற்கு அது கடல்போற் பரந்த தொகை. உலகத்து வீடுகளுக்கோ அது போதாது. பற்றாக்குறை வருமுன்னரே அதனை உணர்ந்த ஈகவாங், பிரான்சிஸ் என்னும் இருவர் 1994 மே மாதத்தில் ஓர் உபாயத்தை எழுதி வெளியிட்டனர். ஒரு வீட்டுக்கு வெளியுலகில் ஒரே முகவரி இருக்கட்டும். உள்ளேயுள்ள கணினிகளுக்கு வீட்டளவில் மாத்திரம் செல்லுபடியாகும் முகவரிகளை வழங்குவோம். வாயிலில் நிற்கும் கருவி இரண்டையும் மாற்றிக் கொடுக்கட்டும் என்பதே அவ்வுபாயத்தின் சாரம். வீட்டுமுகவரிகளுக்கெனச் சில எண்தொகுதிகள் ஒதுக்கப்பட்டமை 1996 பெப்ரவரியில் மீண்டும் உறுதிசெய்யப்பட்டது. 192.168 எனத் தொடங்கும் எண்கள் அவற்றுட் பெருவழக்கானவை.

சண்டிலிப்பாயிலும் ரொறன்ரோவிலும் ஒரே வீட்டுமுகவரியைத் தாங்கிய கணினிகள் இருக்கலாம். அதனால் யாதொரு குழப்பமும் நேராது. ஒழுங்கையிலுள்ள வீடுதோறும் 'தம்பி' என அழைக்கப்படும் ஒருவன் இருக்கிறான். அவ்வவ் வீட்டுக்குள் அப்பெயர் ஒருவனையே குறிக்கும். படலையைத் தாண்டியபின்னரே வேறு பெயர் வேண்டியதாகும். வாயிலில் நிற்கும் வழிப்படுத்தி, உள்ளிருந்து புறப்படும் ஒவ்வொரு தரவுப் பொதியிலும் வீட்டுமுகவரியை நீக்கி வெளிமுகவரியைப் பொறிக்கும். அத்துடன் ஒரு வாயில் எண்ணையும் இட்டுத் தன் அட்டவணையிற் குறித்துக்கொள்ளும். மறுமொழி வந்ததும் அவ்வெண்ணைப் பார்த்து, உரிய கணினிக்குச் சேர்ப்பிக்கும். வாயில் எண்கள் மொத்தம் 65,536 ஆதலால் ஒரு வீட்டின் தேவைக்கு அவை தாராளம். எவரும் கேளாமல் வெளியிலிருந்து தானாக வரும் பொதியை யாரிடம் கொடுப்பது என வழிப்படுத்திக்குத் தெரியாது, அது கைவிடப்படும். மேற்பார்த்துக் கடிதம் பெற்ற வீட்டுக்காரரின் நினைவாற்றலே ஒரு சிறு பெட்டிக்குள் அட்டவணையாகியது எனலாம்.

தொடக்கத்தில் இதற்கெனத் தனிப்பெட்டி எல்லா வீடுகளிலும் இருக்கவில்லை. 1999 இல் வெளிவந்த விண்டோஸ் 98 இன் இரண்டாம் பதிப்பு, கணினி ஒன்றையே வாயிற்காவலனாக்கி ஏனையவற்றுக்கு இணைப்பைப் பங்கிடும் வசதியை அளித்தது. அந்த ஒரு கணினி உறங்கினால் மற்றவையும் உறங்கும் என்பது அதிலிருந்த குறை. பின்னரே மோடமும் வழிப்படுத்தியும் கம்பியில்லா அலையும் ஒன்றாய் அமைந்த பெட்டி வீடுகளுக்குள் வந்தது. சண்டிலிப்பாய் வீட்டுக்கு வந்ததும் அத்தகைய பெட்டியே. அலைக்கு வேலி தெரியாது. தம்பி வீட்டுப் பிள்ளைகளுக்குக் கடவுச்சொல் சொல்லப்பட்டது. கிணற்றைத் தாண்டிய அறைவரை அலை எட்டியது. மாதக் கட்டணத்திற்கெனச் சித்தப்பா வெங்காயமும் மரவள்ளிக் கிழங்கும் கொடுத்தனுப்புவார். இதற்கு எழுத்தும் இல்லை, சாட்சியும் இல்லை.

2020 மார்ச்சில் கொள்ளைநோயின் காரணமாகப் பாடசாலைகளும் பல்கலைக்கழகங்களும் மூடப்பட்டன. வகுப்புக்கள் கணினித் திரைக்கு இடம் மாறின. இலங்கைக் கல்வி ஆராய்ச்சி வலையமைப்பான 'லேர்ன்' பல்கலைக்கழகங்களுக்குச் சூம் வகுப்பு வசதியை ஏற்படுத்தியது. தொலைபேசி நிறுவனங்கள் அதற்குரிய தரவுக்குக் கட்டணம் அறவிடாதிருக்க உடன்பட்டன. இது மாணவர் பலருக்கு வாழ்வளித்த ஏற்பாடு என்பதை மறுத்தல் ஆகாது. ஆயினும் ஒன்று மனங்கொள்ளத்தக்கது. இணையத்தில் இருவகைப் பஞ்சம் உண்டு. மாதத்திற்கு இவ்வளவு தரவு என்னும் அளவுப் பஞ்சம் ஒன்று. ஒரு விநாடியில் இவ்வளவே செல்லும் என்னும் வேகப் பஞ்சம் மற்றொன்று. கட்டணச் சலுகை முதலாவதைத் தணித்ததேயன்றி இரண்டாவதை எவ்வாற்றானும் தணிக்கவில்லை. முன்னர் ஒருவர்பின் ஒருவராய்ப் பயன்படுத்திய கம்பியை அவ்விரு வீட்டிலும் எட்டுக் கருவிகள் ஒரே வேளையிற் பற்றிக்கொண்டன.

2021 யூன் மாதத்தில், பயணத் தடையால் ஒழுங்கையே அடங்கிக் கிடந்த ஒரு முற்பகலில், மூத்த மகளுக்கு வாய்மொழிப் பரீட்சை நடைபெற்றது. தான் எழுதிய ஆய்வுக் கட்டுரையை விளக்கி, வினாக்களுக்கு விடையளிக்க அவளுக்குப் பதினைந்து நிமிடம் ஒதுக்கப்பட்டிருந்தது. மூன்று மாதம் உழைத்த கட்டுரை அது. அவள் பேசத் தொடங்கிய இரண்டாம் நிமிடத்திலேயே திரையிலிருந்த முகங்கள் உறைந்தன. அவளுக்கு அவர்களது குரல் ஒருவாறு கேட்டது. அவளது குரலோ அவர்களுக்கு எட்டவில்லை. "பிள்ளை, நீங்கள் சொல்லுறது விளங்கேல்லை. திரும்பச் சொல்லுங்கோ" என்று பரீட்சகர் மும்முறை கேட்டார். அவள் மும்முறை சொன்னாள். சொன்னதெல்லாம் சில விநாடி பிந்தித் துண்டுதுண்டாகச் சென்றது; வினாவுக்கு விடை செல்லுமுன் அடுத்த வினா வந்தது. பதினைந்து நிமிடம் முடிந்தது. அடுத்த மாணவரை அழைத்தனர்.

அவள் அறையைவிட்டு வெளியே வந்தபோது, தம்பி விறாந்தையின் மூலையிலே மடிக்கணினியில் விளையாடிக்கொண்டிருந்தான். வேலிக்கு அப்பால் சித்தப்பாவின் பிள்ளைகள் வீடியோப் பாடம் பார்க்கும் ஒலி கேட்டது. அவளுக்கு வேறு சான்று வேண்டியிருக்கவில்லை. "நீ விளையாடின விளையாட்டிலை என்ரை படிப்புப் போச்சுது" என்று கத்தினாள். அவன் வாய்திறக்கவில்லை. தந்தையார் அன்று மாலையே கடவுச்சொல்லை மாற்றினார். இணைப்புத் தம் பெயரில் உள்ளது. வழங்குநரின் ஒப்பந்தம் ஒரு வீட்டுப் பாவனைக்கே உரியது. வெளியுலகுக்கு இரு வீடும் ஒரே முகவரியாகத் தோற்றுவதால் அங்கு எவர் எது செய்யினும் தாமே பொறுப்பு என அவர் காரணங் கூறினார். அக்காரணங்கள் மூன்றும் நேர்மையானவை. ஆயின் அவை ஒன்பது ஆண்டாக அவருடைய நினைவுக்கு வராமல், கோபம் வந்த அன்று மாத்திரம் வந்தன என்பதை இரு வீட்டாரும் உணர்ந்தனர்.

சித்தப்பா ஒரு சொல்லும் சொல்லவில்லை. மறுநாட் காலையில் வேலிப் பொட்டிலே கிளுவங்கதிகால் இரண்டு நட்டு, மட்டை வைத்துக் கட்டியிருந்தது. வெங்காயம் வரவில்லை. உயர்தரம் படித்த பெண், பணங்கொடுத்து வாங்கிய சிறிதளவு தரவோடு, வளவின் கோடியில் மாமரத்தடியில் நின்று கைப்பேசியை உயர்த்தி அலை தேடுவாள். கிணற்றடிக்கு வரும் பெரியப்பா அதனைக் காண்பார். கண்டும் காணாதவர்போல் வாளியை இறக்குவார். கிணற்றைப் பொறுத்தவரையில் மாத்திரம் மாற்றம் எதுவும் நிகழவில்லை. கப்பி அழுதது; இருபுறத்திலிருந்தும் வாளிகள் இறங்கின. உறுதியில் எழுதப்பட்டிருந்த பங்கைக் கோபத்தால் மறுக்க முடியாதன்றோ!

இவ்வாறு பேச்சற்ற நாட்கள் இருபது கழிந்தன. இதற்கிடையில் தம்பிக்கு ஓர் ஐயம் எழுந்தது. சித்தப்பா வீட்டின் கருவிகள் நின்றுவிட்டன. தமக்கையின் கோபத்துக்கு அஞ்சி அவனும் விளையாட்டை நிறுத்திவிட்டான். அப்படியிருந்தும் இணைப்பு இடையிடையே முன்போலவே திக்கியது. இறுக்கம் நேருவது ஏன் என அறிய அவன் எளிய சோதனை ஒன்றைச் செய்தான். வெளியேயுள்ள கணினி ஒன்றுக்குச் சிறுபொதி ஒன்றை அனுப்பி, அதன் எதிரொலி திரும்பிவர எடுக்கும் நேரத்தைக் கணித்தான். சாதாரணமாக அது ஒரு விநாடியின் இருபதிலொரு பங்கே. திக்கும் வேளைகளில் நான்கு விநாடியை எட்டியது. அவ்வேளைகளில் வீட்டுக் கருவிகளை ஒவ்வொன்றாக நிறுத்தி அளந்து, காரணத்தைக் கண்டுபிடித்தான். காரணம் தமக்கையின் கைப்பேசி.

நூல்நிலையம் மூடப்படுமுன் அவள் நூற்பக்கங்களை நூற்றுக்கணக்கிற் படமெடுத்து வைத்திருந்தாள். தன் கையெழுத்துக் குறிப்புக்களையும் நாள்தோறும் படமெடுத்தாள். அவை தொலைந்துபோகாவண்ணம் தொலைவிலுள்ள சேமிப்பகத்திற்குத் தாமாகச் சென்று சேர, கைப்பேசியில் ஏற்பாடு இருந்தது. பழைய செப்புக் கம்பியில் இறங்கும் வேகம் பெரிது. ஏறும் வேகம் சிறிது. அவ்வீட்டில் ஏறும் வேகம் விநாடிக்கு அரை மெகாபிற்று. மூன்று மெகாபைற்றுப் படம் ஒன்று 24 மெகாபிற்றுக்குச் சமம். அது ஏற 48 விநாடி வேண்டும். இருநூறு படம் ஏற இரண்டு மணி நாற்பது நிமிடம் செல்லும். வாய்மொழிப் பரீட்சைக்கு முதனாள் இரவு அவள் தன் கட்டுரைக்கான குறிப்புக்கள் அனைத்தையும் படமெடுத்திருந்தாள். அவளது குரலை மறித்தவை அவளுடைய குறிப்புக்களே.

ஒலிக்கு வேண்டியது விநாடிக்கு 60 முதல் 80 கிலோபிற்று மாத்திரமே. அரை மெகாபிற்றில் அது ஆறிலொரு பங்குதானும் இல்லை. அவ்வாறாயின் இடமிருந்தும் குரல் ஏன் செல்லவில்லை என வினவலாம். விடை வரிசையில் உள்ளது. மோடத்துக்குள்ளே, கம்பி ஒழியும்வரை பொதிகள் காத்திருக்கும் தாங்கி ஒன்று உண்டு. பொதிகள் வந்த ஒழுங்கிலேயே அது அவற்றை அனுப்பும். 256 கிலோபைற்று இடமுள்ள தாங்கி படங்களால் நிரம்பிவிட்டால், அதன் வாலில் வந்து சேரும் குரற்பொதி நான்கு விநாடி காத்திருக்க நேரிடும். படத்துக்கு நான்கு விநாடி ஒரு பொருட்டன்று. உரையாடலுக்கோ அது மரணம். தாங்கியைப் பெரிதாக்கினால் இழப்புக் குறையும் என எண்ணிச் செய்தோரின் நல்லெண்ணமே தாமதத்தைப் பெருக்கியது. 2010 ஆம் ஆண்டளவில் ஜிம் கெட்டிஸ் என்னும் அறிஞர் தம் வீட்டு இணைப்பிலேயே இதனைக் கண்டு, பலரது கவனத்துக்குங் கொணர்ந்தார். அவன் தம்பியின்மீது சுமத்தப்பட்ட விளையாட்டோ ஒலியைவிடப் பெரிதும் அதிக இடம் பிடிப்பதன்று.

இந்நோயின் வேறொரு வடிவம் மிக முன்னரே உலகுக்குத் தெரிந்திருந்தது. 1986 ஒக்ரோபரில் கலிபோர்னியாவிலே, லோறன்ஸ் பேர்க்கிலி ஆய்வுகூடத்துக்கும் பேர்க்கிலிப் பல்கலைக்கழகத்துக்கும் இடையே, வெறும் நானூறு யார் தூரத்தில், விநாடிக்கு 32,000 பிற்றுச் சென்ற இணைப்பு 40 பிற்றுக்கு வீழ்ந்தது. கம்பி அறுபடவில்லை. நெரிசலிற் பொதிகள் தொலைய, ஒவ்வொரு கணினியும் அவற்றை மீண்டும் மீண்டும் அனுப்ப, மறுமுறை அனுப்பியவையே கம்பியை நிரப்பின. வான் ஜேக்கப்சன் 1988 இல் வெளியிட்ட ஆய்வின் பயனாக, நெரிசலைக் கண்டதும் ஒவ்வொரு கணினியும் தானே தன் வேகத்தைத் தணித்துக்கொள்ளும் ஒழுங்கு பரவியது. அதற்கு முன்னர், 1985 டிசெம்பரில், ஜோன் நேகிள் என்பவர் வேறொரு வழி கூறியிருந்தார். வந்தவை அனைத்தையும் ஒரே வரிசையில் நிறுத்தாது, அனுப்புவோர் ஒவ்வொருவருக்கும் தனிவரிசை கொடுத்து, வரிசைக்கு ஒன்றாகச் சுற்றிவர எடுத்தனுப்புக என்பதே அது. அவ்வழியில் ஆயிரம் பொதியோடு வருபவனும் ஒற்றைப் பொதியோடு வருபவனும் சுற்றுக்கு ஒருமுறையே பெறுவர். துலாக்காலத்துத் தோட்டக்காரர் எவரேனும் இதனைக் கேட்டிருந்தால், இதனைச் சொல்வதற்கு ஒரு நூல் வேண்டுமோ என்று வியந்திருப்பர்.

ஆயினும் கிணற்றையும் கம்பியையும் முற்றாக ஒன்றெனக் கொள்ளுதல் தவறாகும். குடாநாட்டின் நிலத்தடி நன்னீர், கடல்நீரின்மேல் ஒரு வில்லைபோல மிதக்கின்றது. கடல்மட்டத்துக்கு மேல் ஓர் அடி நன்னீர் நின்றால், கீழே ஏறத்தாழ நாற்பதடி நன்னீர் உண்டு என்பது கைபென், ஹேர்ஸ்பேர்க் ஆகியோர் கண்ட விதி. மேலே ஓரடி தாழ இறைத்தால் கீழே நாற்பதடி உப்பு எழும். துலா போய் நீரிறைக்கும் இயந்திரம் வந்தபோது, விரைவாக இறைக்க முடிந்தவர் தமக்கு மாத்திரமன்றி அயலாருக்கும் நாளைய நீரை உப்பாக்க வல்லவரானார். கிணற்றில் இன்று இறையாத நீர் நாளைக்கு நிற்கும். கம்பியிலோ இந்த விநாடியில் எவரும் பயன்படுத்தாத வேகம் எவருக்கும் மிஞ்சாது. அது அக்கணமே அழிந்துபோகும். ஆகவே கம்பியை ஒருவருக்கும் கொடாது பூட்டிவைப்பதில் சேமிப்பு எதுவும் இல்லை. அயல்வீட்டுப் பிள்ளை மாமரத்தடியில் நின்ற நாழிகைகளில் தமையன் வீட்டுக் கம்பி பெரும்பாலும் வெறுமையாகவே கிடந்தது. அவளிடமிருந்து மறுத்தது எதுவும் இவர்களுக்கு இலாபமாக வந்து சேரவில்லை.

தம்பி தன் கணிப்பை ஒரு தாளில் எழுதித் தமக்கையிடங் கொடுத்தான். வாயால் எதுவும் சொல்லவில்லை. அவள் அதனை இருமுறை வாசித்தாள். கைப்பேசியை எடுத்து அந்த ஏற்பாட்டை நிறுத்தினாள். எதிரொலி நேரம் மீண்டும் சிறுத்ததைத் தன் கண்ணாற் கண்டாள். அன்றிரவு அவள் உண்ணவில்லை. வாய்மொழிப் பரீட்சைக்குரிய புள்ளி திரும்பி வரப்போவதில்லை என்பதை அவள் முன்னரே அறிவாள். ஆயின் அதற்கொரு குற்றவாளி இருந்தமை அவளுக்கு இதுவரை ஒருவகை ஆறுதலாக இருந்தது. இப்போது அவ்வாறுதலும் இல்லை. கதவுக்கு வெளியே நின்ற தம்பியை அழைத்து, "நான் உன்னைத்தான் பிழையா நினைச்சன்" என்றாள். அவன், "விளையாடினதும் உண்மைதானே அக்கா" என்றான்.

அப்பாச்சிக்குத் தாங்கியும் பொதியும் விளங்கவில்லை, நடந்தது விளங்கியது. தம் மூத்த மகனை அழைத்துச் சொன்னார்: "கிணத்துக்கு முறை இருந்தது. நீங்கள் கம்பிக்கு முறை வைக்கேல்லை. வாயாலை சொன்னது வாய்க்காலோடை போயிடும். எழுதி ஒட்டுங்கோ."

அவ்வீட்டுப் பழைய பெட்டியில் நேகிள் கூறிய வரிசைமுறையை அமைக்கும் வசதி இல்லை. ஆகவே பெட்டி செய்யாததை மனிதர் செய்ய வேண்டியதாயிற்று. பழைய நாட்காட்டியின் பின்புறத்தில் முறை எழுதப்பட்டது. பரீட்சையும் நேரடி வகுப்பும் உள்ளவருக்கே முதலிடம். முதனாள் மாலைக்குள் அதனை எழுதிவிட வேண்டும். வகுப்பு நடக்கும் வேளையில் எவரும் படமோ வீடியோவோ மேலேற்றலாகாது. அவை நள்ளிரவுக்குப் பின்னர் தாமாகச் செல்லட்டும். பாட வீடியோக்களை இரவிலே இறக்கி வைத்துப் பகலிற் பார்க்கலாம். இரவு எட்டுக்குப் பின் ஒரு மணிநேரம் தம்பியின் விளையாட்டுக்கு. அதனை எவரும் குறைகூறலாகாது. கடைசி விதியைத் தமக்கையே தன் கையால் எழுதினாள்.

ஒப்பந்தம் பற்றித் தந்தையார் கூறிய நியாயம் எஞ்சியிருந்தது. இணைப்பை மற்றொரு வீட்டுக்குக் கடத்துதல் முறையன்று என்பதை அவர் விட்டுக்கொடுக்கவில்லை. விட்டுக்கொடுக்க வேண்டியதும் இல்லை. ஆனால் தம் வீட்டு விறாந்தையில் இருந்து படிக்கும் பிள்ளை எந்த வீட்டுப் பிள்ளை என எந்த ஒப்பந்தமும் கேட்பதில்லை. அவர் விறாந்தையின் கிழக்குப் பக்கத்தில் மேசை ஒன்றையும் இரு கதிரைகளையும் இட்டார். விருந்தினருக்கெனப் பெட்டியில் உள்ள தனி அலையைத் திறந்து, அதற்கொரு கடவுச்சொல் வைத்தார். பின்னர் கத்தியை எடுத்துக்கொண்டு வேலியடிக்குச் சென்றார். சித்தப்பா கட்டிய மட்டையைத் தமையனார் அவிழ்ப்பதைக் கண்டு, தம்பியார் கிணற்றடியில் வாளியை வைத்துவிட்டு வந்து மறுபுறத்தில் நின்றார். கிளுவங்கதிகால் இரண்டும் அதற்குள் துளிர்விட்டிருந்தன. "பிடுங்காதை அண்ணை, அதைக் கொஞ்சம் தள்ளி நடுவம்" என்றார். நட்டார்கள்.

மறுநாட் காலை மாமரத்தடியில் எவரும் நிற்கவில்லை. விறாந்தையில் மூன்று பிள்ளைகள் மூன்று திசை நோக்கி அமர்ந்து, மூன்று வகுப்புக்களில் இருந்தனர். உயர்தரப் பரீட்சை பிந்தி 2022 பெப்ரவரியில் நடைபெற்றபோது சித்தப்பாவின் மகள் அதனை எழுதினாள். அவ்வாண்டு மார்ச்சில் நாட்டின் மின்வெட்டு நாளொன்றுக்குப் பதின்மூன்று மணிநேரம்வரை நீண்டது. அப்போது பெட்டி அணைந்திருந்த நேரமே அதிகம்; முறைத்தாளிலே மின்சாரம் வரும் நேரமும் ஒரு நிரலாகச் சேர்ந்தது. இருந்த சிறிதைப் பங்கிட்டதில் அவ்விரு வீட்டிலும் சச்சரவு எழவில்லை.

செப்புக் கம்பிக்குப் பதிலாக ஒளியிழை பல ஊர்களுக்கும் வந்துகொண்டிருக்கின்றது. வேகம் பெருகினால் முறை வேண்டியதில்லை எனக் கருதுவோர் உளர். இயந்திரம் வந்தபோது கிணற்றைப் பற்றியும் இவ்வாறே கருதினர். உப்பு எழுந்த பின்னரே முறையின் அருமையை நினைந்தனர். வேகம் பெருகுந்தோறும் அதனை நிரப்பும் தேவையும் பெருகிக்கொண்டே வந்துள்ளது. எவ்வளவு பெரிய கம்பியாயினும் அதன் முனையில் ஒருவருக்கு மேற்பட்டோர் இருப்பின், எவர் முந்துவது, எவர் பொறுப்பது என்னும் வினா எழவே செய்யும். அவ்வினாவுக்குக் கோபம் வருமுன்னரே விடை எழுதி வைப்பது நன்று.

சண்டிலிப்பாய் வீட்டின் முறைத்தாள் இப்போது மஞ்சளித்துவிட்டது. அதிற் குறித்த வகுப்புக்கள் முடிந்துபோயின. ஆயினும் அதனை எவரும் கழற்றவில்லை.